பில்லில் யார் பெயர்?

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் காலையிலேயே விலைப் பேச்சு சூடுபிடித்துவிடும். மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செண்டுமல்லி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லி விலை ஏறும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் இறங்கும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து மறுபடி ஏறும். கட்டி விற்பதற்காகப் பூ வாங்க வரும் பெண்கள் கையில் அள்ளி ஈரம் பார்ப்பார்கள், மொட்டின் பருவம் பார்ப்பார்கள். "நேத்துப் பூவைக் கலந்து வச்சுட்டு இன்னைக்கு விலை சொல்றியாண்ணே?" என்று கேட்பார்கள். அங்கே யாரும் அவர்களிடம் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பதில்லை. அதே பெண் ஒரு மிக்சியோ ஃப்ரிட்ஜோ வாங்க மின்சாதனக் கடைக்குள் நுழைந்தால், பெரும்பாலும் அவள் காதில் விழும் முதல் கேள்வி அதுதான்.

பெண்ணும் ஒருத்திதான், பணமும் அவள் சேர்த்ததுதான். ஆனாலும் ஒரு கடையில் அவள் விலையைத் தீர்மானிக்கிறவர்களில் ஒருத்தி. இன்னொன்றில் யாரோ தீர்மானித்ததைக் கேட்டுக்கொள்கிறவள். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே என் கேள்வி. மின்சாதனக் கடைகளின் வரலாறு நம்மிடம் முதலாளிகளின் வெற்றிக் கதைகளாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. சின்னக் கடையில் தொடங்கி ஊர் ஊராகக் கிளை பரப்பியவர்களின் கதைகள் அவை. வாடிக்கையாளர்கள் அவற்றில் வெறும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நிற்கும் பெண்களின் பக்கமிருந்து இந்த வரலாற்றை எழுத ஒரு சிறிய தாள் போதும் என்று நினைக்கிறேன். பில்தான் அந்தத் தாள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும்.

விலை சொன்னவள்

சங்கப் பாடல்களின் சந்தைகளில் பெண்கள் விற்பவர்களாக வருகிறார்கள். உப்புக்கு நெல் மாற்றும் உமணப் பெண்ணும், மீனுக்கு நெல் பெறும் பரதவப் பெண்ணும் அங்கே உண்டு. மதுரைக்காஞ்சியில் நரைத்த கூந்தல் மூதாட்டிகள் பூவும் மணப்பொருள்களும் ஏந்தி வீடு வீடாகப் போகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் எனக்கு மிகவும் பிடித்தவள். அதிகாலையில் தயிர் கடைகிறாள். மோரை விற்று, வந்த தானியத்தில் வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுத்து, எருமையும் பசுவும் வாங்கிக்கொள்கிறாள். எதை எதற்குக் கொடுப்பது என்று தெரிந்த வியாபாரி அவள். பொருளும் அவளிடம் இருக்கிறது, பொருளைப் பற்றிய அறிவும் இருக்கிறது. பேரம் என்பது அந்த அறிவு வாய்திறந்து பேசுவதுதான்.

நம் ஊர்ச் சந்தைகளில் அந்த அறிவு இன்றும் இருக்கிறது. கத்திரிக்காயின் காம்பைப் பார்த்துப் பறித்த நாளைச் சொல்வார்கள். சின்னாளபட்டிச் சேலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து சாயம் நிற்குமா என்று சொல்வார்கள். இயந்திரம் வந்ததும் இந்தக் கை ஏன் பின்வாங்கியது? பெண்களுக்கு மிஷின் புரியாது என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்த மிஷின்கள் உருவான கதை வேறு மாதிரி இருக்கிறது.

மாவு தெரிந்தவள், மோட்டார் விற்றவர்

கோவையில் 1955இல் பி.சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். பின்னாளில் அது கோவையின் அடையாளமாகி, புவிசார் குறியீடும் பெற்றது. அதன் ஆதாரம் ஆட்டுக்கல். அரிசிக்கு எவ்வளவு நேரம், உளுந்துக்கு எத்தனை தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும், கல்லை எப்போது கொத்த வேண்டும் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தோளும் முதுகும் வலிக்கக் கற்றவர்கள் பெண்கள். மோட்டார் அந்த அறிவின்மேல்தான் பொருத்தப்பட்டது.

மிக்சியின் கதை இன்னும் வெளிப்படையானது. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் வீட்டிலிருந்த பிரவுன் மிக்சி பழுதானது. நம் சமையலுக்குத் தாக்குப்பிடிக்கும் ஒன்றைச் செய்து தரும்படி அவருடைய மனைவி மாதுரி கேட்டார். அதிலிருந்து 1963இல் பிறந்தது சுமீத் மிக்சி. ஊறிய பருப்பையும் விரலி மஞ்சளையும் அரைக்க ஐரோப்பிய மோட்டாருக்குத் தெம்பு போதாது என்ற செய்தி சமையலறையிலிருந்துதான் தொழிற்கூடத்துக்குப் போனது.

கடையின் கவுண்டருக்கு வந்ததும் இந்த வரலாறு மறைந்துவிட்டது. வாட்ஸ், ஹெச்.பி., ஆர்.பி.எம். என்று எண்கள் வந்தன. விற்பவர் அந்த எண்களைப் பெண்ணைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் நின்ற ஆணிடம் சொன்னார். "தேங்காச் சட்னி நைசா வருமா தம்பி?" என்று அவள் கேட்டால், "750 வாட்ஸுக்கா, எதையும் அரைக்கும்" என்று பதில் வரும். அவள் கேட்டது பதம் பற்றி. அவர் சொன்னது அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது.

விளம்பரங்களும் இதே வழியில் போயின. பிரெஸ்டீஜ் குக்கரின் புகழ்பெற்ற இந்தி விளம்பரம், மனைவியை நேசிக்கிறவன் இதை வேண்டாமென்று சொல்வானா என்ற பொருளில் அமைந்தது. கேள்வி கணவனிடம் கேட்கப்பட்டது. சமைக்கிறவள் அன்பைப் பெறுகிறவள், வாங்குகிறவன் அன்பைத் தருகிறவன். அடுப்படியில் அவள் நிற்கும் நேரம் குறைவது அவளுடைய தேவையாகப் பேசப்படவில்லை, அவனுடைய பெருந்தன்மையாக விற்கப்பட்டது.

பேரமும் இடம் மாறியது. 1990இல் பொட்டலப் பொருள்களின்மேல் வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிடுவது கட்டாயமானது. நுகர்வோரைக் காக்க வந்த விதி அது. அதற்குமேல் விற்கக்கூடாது என்பதுதான் பொருள், அதுதான் விலை என்பதல்ல. கடைகள் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கீழே இன்னொன்றைப் பெரிதாக எழுதின. பேரம் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்குச் சாதகமாக முடிந்துவிட்டதுபோல ஒரு தோற்றம். அதற்குமேல் கேட்டால், "உங்களுக்காக மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போய்வருவது ஒரு சிறிய நாடகம். பூக்கடையில் பேரம் இருவருக்கும் தெரிந்த பொருளைப் பற்றி நடக்கிறது. இங்கே கொள்முதல் விலை, கம்பெனி தரும் கழிவு, அந்த மாதத்து இலக்கு மூன்றும் ஒரு பக்கத்துக்கு மட்டுமே தெரியும்.

கையெழுத்துப் போட்டவரும் கதவைத் திறந்தவளும்

தமிழ்நாட்டில் நடுத்தர வீடுகளுக்குள் மின்சாதனங்கள் நுழைந்த வாசல் தவணை முறை. சென்னையில் வி.ஜி.பி. நிறுவனம் அதில் முன்னோடி. அங்கே விற்பனையாளராக வேலை பார்த்த எச்.வசந்தகுமார் 1978இல் தனியாக வசந்த் அண்ட் கோவைத் தொடங்கி, அதே தவணை முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியிருந்தாலும், எங்கள் பக்கத்து வீடுகளில் படம் தெளிவாகத் தெரிந்தது கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகுதான். அதன் பிறகு டிவி வாங்காத வீடு தெருவில் தனியாகத் தெரிந்தது. மொத்தப் பணம் இல்லாதவர்கள் தவணைக்குப் போனார்கள்.

தவணையில் பல வகை உண்டு. வாடகைக் கொள்முதல் என்ற வகையில், கடைசித் தவணை கட்டும்வரை பொருள் விற்றவருடையதுதான். வாங்கியவர் அதுவரை வாடகைக்கு வைத்திருப்பதாகக் கணக்கு. இதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றியது. ரொக்க விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுத வேண்டும் என்றது. குறிப்பிட்ட பங்கு கட்டிய பிறகு நீதிமன்றம் வழியாக அல்லாமல் பொருளைத் தூக்கிப் போகக்கூடாது என்றது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2005இல் நீக்கப்பட்டது. மூன்று தலைமுறை மிக்சிகள் விற்றுத் தீர்ந்த காலம் முழுக்க அது தாளிலேயே கிடந்தது.

தவணைக் காகிதத்தில் கையெழுத்து ஆணுடையது. ஜாமீன் கையெழுத்தும் இன்னோர் ஆணுடையது. வசூலுக்கு ஆள் வரும் பகல் நேரத்தில் வீட்டிலிருந்தவள் பெண். "இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கங்கண்ணே" என்று சொன்னவள் அவள். தெருவில் நாலு பேர் கேட்க அவர் குரலை உயர்த்தினால் முகம் கறுத்தவளும் அவள். சீட்டுப் பணத்தையோ தோட்டையோ கொடுத்துக் கணக்கை முடித்தவளும் பல வீடுகளில் அவளே. கடன் அவர் பெயரில் இருந்தது, கடனின் அவமானம் அவள் பெயரில் இருந்தது. முதலாளிகளின் வெற்றிக் கதைகளில் தமிழ்க் குடும்பங்களின் நாணயத்தைப் பற்றி ஒரு வரி தவறாமல் வரும். அந்த நாணயத்தைக் காத்தவர்கள் யார் என்று அடுத்த வரி எழுதப்பட்டதில்லை.

சீர் செட்

கடைகள் கண்டுபிடித்த இன்னொரு பருவம் கல்யாணம். தை பிறந்தால் ஒரு பேனர், ஆவணி பிறந்தால் ஒரு பேனர். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்சி எல்லாம் சேர்த்து "சீர்வரிசை செட்" என்று ஒரே விலை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் வரதட்சணை ஒளிந்துகொண்ட இடங்களில் மின்சாதனக் கடையும் ஒன்று. கேட்டு வாங்குவது குற்றம், அன்பாகக் கொடுப்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கோட்டைக் கடைக்காரர் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மாப்பிள்ளை வீட்டார் எத்தனை லிட்டர் ஃப்ரிட்ஜ் எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்தால் அவருக்குப் போதும்.

இந்த இடத்தில் பில் ஒரு சட்ட ஆவணமாகிவிடுகிறது. திருமணத்தின்போது மணமகளுக்குத் தரப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, தோராய மதிப்பும் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985இல் விதிகள் வந்தன. அதே ஆண்டு பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணின் முழுமையான சொத்து, கணவன் வீட்டுக்குள் வந்ததாலேயே அது கூட்டுச் சொத்தாகிவிடாது என்று தெளிவாக்கியது. மணமுறிவுக்கு வரும் பெண் தன் பொருள்களைத் திரும்பக் கேட்கும்போது, அவை தனக்குக் கொடுக்கப்பட்டவை என்று காட்ட வேண்டியிருக்கிறது. அப்பா பெயரில் பில் இருக்கும், மாப்பிள்ளை பெயரில் வாரண்டி அட்டை இருக்கும். அவள் பெயர் பாத்திரத்தில் வெட்டியது மட்டும்தான். பித்தளைக் குடத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுத்த நம் பாட்டிகளின் வழக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். ஃப்ரிட்ஜில் பெயர் வெட்ட முடியாது. அதற்குப் பதில் பில்லில்தான் எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கும் இதில் இருக்கிறது. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. இந்தியா முழுவதற்குமான திருத்தம் 2005இல் வந்தது. ஆனால் பூந்தோட்டத்தையும் தென்னந்தோப்பையும் பங்கு பிரிக்கும் நாளில் பெண்கள் காதில் விழுவது "ஒனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பதுதான். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாஷிங் மெஷினின் விலை கடை வாசலைத் தாண்டியதுமே விழுந்துவிடுகிறது. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றைக் கொடுத்துக் கணக்கு முடிக்கிற குடும்பங்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே விலையில் அடக்கும் அந்தப் பேனர் எவ்வளவு வசதியாக இருக்கிறது!

கவுண்டர் இல்லாமல் வந்த கிரைண்டர்

2006இல் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011 செப்டம்பர் 15இல் அ.தி.மு.க. அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலவசங்களைக் கேலி செய்து எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அரிசி பெறும் குடும்ப அட்டை உள்ள வீடுகளின் பெண்களே இந்த இரண்டாவது திட்டத்தின் பயனாளிகள். இங்கே பல வீடுகளில் ஒரு பெண் தன் பெயர் அழைக்கப்பட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வாங்கிய முதல் மின்சாதனம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வரிசையில் வெயிலில் நின்றார்கள், எந்தக் கம்பெனி என்று தேர்ந்தெடுக்க முடியவில்லை, பழுதானால் அலைந்தார்கள். அது மரியாதையான விற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆட்டுக்கல்லில் பெண் செலவழித்த நேரம் பொதுக் கருவூலத்தின் கணக்கில் ஒரு செலவுத் தலைப்பாக வந்தது. கணவனின் அன்பு, மாமியார் வீட்டின் எதிர்பார்ப்பு, வசூல்காரரின் பொறுமை எதுவும் நடுவில் இல்லாமல் மிஷின் அவள் கைக்கு வந்தது. வந்ததும் அவள் அதை யார் சொல்லித் தரவும் காத்திருக்கவில்லை. மிஷின் புரியாதவள் என்ற பேச்சுக்கு அந்த ஆண்டுகள் பதில் சொல்லிவிட்டன.

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள்

கடையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். யூனிஃபார்ம் சேலையில், தலையில் மல்லிகையோடு, "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று நம்மை வரவேற்பவள். வசந்தபாலனின் "அங்காடித் தெரு" 2010இல் சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடைத் தொழிலாளர்களைத் திரையில் காட்டியபோது, நாள் முழுக்க நிற்கும் கால்களைத் தமிழ்நாடு ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைத் தொழிலாளர்கள் தையல் தொழிலாளியான விஜியின் முன்முயற்சியில் "பெண்கூட்டு" என்று அமைப்பானார்கள். கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமைக்கு நகர்ந்தது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது.

என்னிடம் படித்து ஷோரூம் வேலைக்குப் போன ஒருத்தியிடம் இதைக் கேட்டேன். "ஸ்டூல் இருக்கு மிஸ். உக்காந்தா கேமராவுல பாப்பாங்க" என்றாள். இலக்குகளைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். கடையில் நிற்கும் எல்லோரும் கடையின் ஊழியர்கள் இல்லை. சிலர் குறிப்பிட்ட கம்பெனியால் அனுப்பப்பட்டு அதன் பொருளை மட்டும் விற்க நிற்பவர்கள். "எது நல்லாருக்கும்?" என்று நாம் நம்பிக் கேட்பது அவர்களிடம்தான். கூடுதல் வாரண்டி, ஸ்டெபிலைசர், ஸ்டாண்டு என்று பில்லில் ஏறும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. வாங்க வந்தவளுடைய தயக்கத்தின் மேல் விற்கிறவளுடைய சம்பளம் நிற்கிறது. இரண்டு பேரும் பூப்பறிக்கிற வீட்டுப் பெண்களாகவே இருந்தாலும் கவுண்டர் அவர்களை எதிரெதிரே நிறுத்திவிடுகிறது.

"அக்கா" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மடிப்புக் கலையாத சேலையில் போனால் நான் "மேடம்". வீட்டிலிருந்து அப்படியே போனால் "அக்கா". தோட்ட வேலை முடிந்து மண் ஒட்டிய காலோடு ஒரு பெண் வந்தால் அவள் "ஏம்மா". மேடத்துக்கு நாற்காலி வரும், அக்காவுக்கு விலை வரும், ஏம்மாவுக்கு "அது வெல கூடமா" என்ற பதில் வரும். அவள் விலையை இன்னும் கேட்டிருக்கவே மாட்டாள். சாதியும் வர்க்கமும் எடைபோடப்படுவது அந்த முதல் விளிச் சொல்லில்தான். நம் அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு, சாதி, பால் உள்ளிட்ட காரணங்களால் யாருக்கும் தடை கூடாத இடங்களைப் பட்டியலிடும்போது கடைகளைத்தான் முதலில் சொல்கிறது. கடை வாசலில் நுழைவதே போராட்டமாக இருந்தவர்கள் அந்தச் சொல்லை அங்கே எழுத வைத்தார்கள். உள்ளே நுழைந்த பிறகு கிடைக்கும் குரலின் தொனியை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

பூஜ்ய வட்டி

சைக்கிளில் வந்த வசூல்காரரின் இடத்தில் இப்போது கடைக்குள்ளேயே ஃபைனான்ஸ் மேசை இருக்கிறது. ஆதாரும் ஒரு ஓடிபியும் போதும், ஐந்து நிமிடத்தில் கடன் ரெடி. "வட்டியே இல்லக்கா, ஜீரோ" என்பார்கள். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. வட்டி வேறு பெயரில், பிராசஸிங் கட்டணமாகவோ தராமல் விட்ட தள்ளுபடியாகவோ மறைந்திருக்கும். ரொக்கத்துக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேட்டால் அது வெளியே வந்துவிடும். 1972 சட்டம் எழுதச் சொன்னதும் இதைத்தான்.

2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். நிலக்கோட்டையில் அந்த மொழி தமிழ்தான். கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். பொருள் கடைக்காரருடையது, கடன் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. டிவி பத்தாம் நாளே கறுத்துப் போனாலும் தவணை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து போய்விடும்.

1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பெண்கள் கடனைத் தவறாமல் கட்டுகிறவர்கள் என்று நிரூபித்தன. அந்தப் பெயரை வைத்துப் பிறகு பலரும் தொழில் செய்தார்கள். அந்த மேசையும் இன்று பெண்ணைத் தேடுகிறது. கடனுக்கு மட்டும் அவள் பெயர் வேண்டியிருக்கிறது.

பெயர் எழுதுதல்

சில ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடையில் ஃப்ரிட்ஜ் வாங்கினேன். ஒரு வருடத்துக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று நட்சத்திர லேபிளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பணம் என் கார்டிலிருந்து போனது. பில் போட்ட பையன் தலை நிமிராமல் "சார் பேரு சொல்லுங்க மேடம்" என்றான். என் பெயரைச் சொன்னேன். "இல்ல மேடம், வாரண்டிக்கு சார் பேரு..." என்று இழுத்தான். "மிஷினைத் தெறந்து மூடப் போறது நான் தம்பி" என்றேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கற்றுக்கொண்ட வரலாறு அது. ஒரு மாதம் கழித்து அடித்தட்டில் தண்ணீர் தேங்கியபோது சர்வீஸிலிருந்து பேசியவரும் "சார்கிட்டப் போனைக் குடுங்க" என்றார். பில் எண்ணையும் பில்லிலிருந்த பெயரையும் படித்துக் காட்டினேன். அதன் பிறகு என்னிடம்தான் பேசினார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் தராமலிருப்பதே முறையற்ற வணிகம் என்கிறது அது. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகமே. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

இந்தச் சட்டம் யாரை நுகர்வோர் என்று சொல்கிறது என்பது என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. பொருளை விலை கொடுத்து வாங்குபவர் மட்டுமல்ல, அவருடைய ஒப்புதலோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். 1986லிருந்தே இப்படித்தான். ஆகவே பில்லில் கணவன் பெயரோ தகப்பன் பெயரோ இருந்தாலும், பயன்படுத்துகிற பெண் புகார் கொடுக்கலாம். இது நல்ல கதவு. ஆனால் அந்தக் கதவில் "ஒப்புதலோடு" என்று ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. அவளுடைய பெயரில் பில் இருந்தால் அந்தத் தாழ்ப்பாள் தேவையில்லை.

என் அம்மாவின் பீரோவில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. ரேடியோவிலிருந்து கேஸ் அடுப்புவரை எல்லாவற்றுக்கும் பில் அதில் உண்டு. காகிதம் பழுத்து, மை மங்கி, எல்லாம் அப்பா பெயரில். அவற்றைப் பத்திரப்படுத்தியது அம்மா. எந்த மிஷின் எந்த வருடம் வந்தது, எந்த நகை அடகுக்குப் போய் எது வந்தது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். வரலாற்று ஆசிரியர்கள் கல்வெட்டில் பெயர் தேடுவார்கள். கொடை கொடுத்தவர் பெயர் இருக்கும், கல் சுமந்தவர் பெயர் இருக்காது. நம் வீட்டுப் பில்களும் அந்த மாதிரிக் கல்வெட்டுகள்தான். ஒரு வேறுபாடு உண்டு. இந்தக் கல்வெட்டு இன்னும் வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அடுத்த பில் போடுகிற கணினிக்கு முன்னால் நிற்கும்போது, நம் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லலாம். நமக்கு விற்ற பெண்ணின் பெயரைக் கேட்டு, முடிந்தால் அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று மேனேஜர் காதில் விழும்படியும் கேட்கலாம்.